எந்த நாலு பேர்?

இன்டர்ன்ஷிப் விண்ணப்பப் படிவங்களில் கட்டாயம் ஒரு கேள்வி இருக்கும்: ‘உங்களுடைய பலங்கள் மூன்றைக் குறிப்பிடுக.’ பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என்று மளமளவென நிரப்பிக்கொண்டு வருகிற கை அந்த இடத்தில் நின்றுவிடும். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் ஆறு பேரும் இந்த வருடம் அந்த இடத்தில் நின்றவர்கள். வெள்ளவத்தையில் மூன்று பேர், கொட்டாஞ்சேனையில் மூன்று பேர். ஆறு பேரின் சீவீயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆள் ஆறு தடவை விண்ணப்பித்த மாதிரி இருந்தது. கடின உழைப்பாளி. குழுவாக வேலை செய்யக்கூடியவர். நேரம் தவறாதவர். (155 பஸ்ஸை நம்பி கெம்பஸ் வருகிற ஒருவர் எப்படி நேரம் தவறாதவராக இருக்கலாம் என்பது வேறு கதை.)

சிரித்தோம். ஆனால் சிரிப்புக்குக் கீழே ஒரு பயமும் இருந்தது. உயர்தரப் பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து எங்களைத் துரத்துகிற கேள்வி ஒன்று இருக்கிறது: “ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறீங்க?” கல்யாண வீட்டில் கேட்பார்கள், கோயில் வீதியில் கேட்பார்கள், காலி வீதியில் மரக்கறி வாங்கும்போது நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். மருத்துவம் படிக்கிறவருக்கும் பொறியியல் படிக்கிறவருக்கும் பாடத்தின் பெயரே பலமாகிவிடுகிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களிடம் என்ன இருக்கிறது என்று நாங்களேதான் சொல்லியாக வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை? முதல் காரணம் வளர்ப்பு. ‘தன்னைத்தானே புகழாதே’ என்பது சோற்றோடு சேர்த்து ஊட்டப்பட்ட பாடம். யாராவது எங்களைப் பாராட்டினால் “சும்மா போங்க அன்ரி, அப்படி ஒண்டுமில்ல” என்று சொல்வதுதான் மரியாதை. இதற்கு இலக்கணத்திலும் ஆதாரம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், எழுத்து, சொல் என்று தொடங்குவதற்கு முன்னால் பாயிரம் என்ற பகுதியில், ஒருவர் எவ்வளவுதான் புதுமையாகப் படைத்திருந்தாலும் தன்னைத்தானே புகழ்வது தகுதியல்ல என்று சொல்லிவிடுகிறது. இலக்கண வகுப்பில் இதைப் படித்தபோது, ‘பாத்தியா, அம்மா சொன்னது சரிதான்’ என்றுதான் தோன்றியது.

ஆனால் அடுத்த சூத்திரத்தையும் படிக்க வேண்டும். நாலு இடங்களில் தன்னைப் புகழலாம் என்று பவணந்தியாரே விலக்குக் கொடுக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் நிற்கும்போது. அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில். எதிராளி தன்னைப் பழித்தபோது. இதை எங்களுடைய நிலைமையோடு பொருத்திப் பாருங்கள். சீவீ என்பது ஓலை. அதை வாசிக்கப் போகிற அதிகாரிக்கு எங்கள் ஆற்றல் தெரியாது. நேர்முகத் தேர்வு ஓர் அவை. ‘ஆர்ட்ஸ் படிச்சு என்ன’ என்பது பழிப்பு. நாலு விலக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிற ஒரு கூட்டம் தமிழில் இருக்கிறதென்றால் அது வேலை தேடுகிற கலைப்பீட மாணவர்கள்தான். ஆக, அனுமதி கிடைத்துவிட்டது.

அனுமதி கிடைத்தாலும் எழுதுவதற்கு விஷயம் வேண்டுமே. இரண்டாவது காரணம் அங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு இலகுவாக வருகிற ஒன்றை நாங்கள் திறமை என்று எண்ணுவதில்லை. கஷ்டப்பட்டுச் செய்தால்தான் அது திறமை. சும்மா வந்தால் அது ‘எல்லாரும் செய்யிறதுதானே’. 1999இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டன்னிங் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திறமை குறைந்தவர்கள் தங்களை அதிகமாக மதிப்பிடுகிறார்கள் என்ற பாதி எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் சண்டை வந்தால் ஒருவரை ஒருவர் மட்டம் தட்ட அதைத்தான் பாவிப்பார்கள். மற்றப் பாதியை யாரும் பகிர்வதில்லை. பரீட்சையில் மேல் வரிசையில் வந்தவர்கள், தாங்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறோம் என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தங்களுக்கு இலகுவாக இருந்தது எல்லோருக்கும் இலகுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்தார்கள். மற்றவர்களுடைய விடைத்தாள்களைக் காட்டிய பிறகுதான் தங்கள் மதிப்பீட்டை உயர்த்திக்கொண்டார்கள்.

அதாவது, கண்ணாடியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாத ஒன்று பக்கத்து ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. 1955இல் ஜோசப் லுப்ட், ஹரிங்டன் இங்கம் என்ற இருவர் வரைந்த ‘ஜோஹரி ஜன்னல்’ இதையே ஒரு சதுரமாகக் காட்டும். (பெயரைக் கேட்டு ஏதோ வட இந்தியப் பேராசிரியர் என்று நினைக்க வேண்டாம். ஜோ, ஹரி என்று இருவரின் பெயர்ச் சுருக்கமும் சேர்ந்ததுதான்.) அந்த ஜன்னலில் நாலு கட்டம்: எனக்கும் தெரியும், மற்றவருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியும், மற்றவருக்கு மட்டும் தெரியும், ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் படிவத்தில் எழுதியது முதல் கட்டம் மட்டும்தான். மூன்றாவது கட்டத்தைத் திறக்க வேண்டுமென்றால் மற்றவர்களிடம் கேட்டேயாக வேண்டும்.

மற்றவர் என்றால் யார்? வெள்ளவத்தையில் ‘நாலு பேர் என்ன சொல்லுவினம்’ என்பார்கள். கொட்டாஞ்சேனையில் ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்பார்கள். வினைமுற்றுத்தான் வேறு, பயம் ஒன்று. அந்த நாலு பேரின் முகத்தை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் எங்கள் உடுப்பு, நாங்கள் எடுத்த பாடம், வீட்டுக்கு வருகிற நேரம் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுகிறவர்கள் அவர்கள்தான்.

மறுபடியும் நன்னூல்தான் கைகொடுத்தது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகப்படுத்துகிற உரை, யார் சொல்லவேண்டும் என்றும் பவணந்தியார் பட்டியல் தருகிறார். நூலாசிரியரின் ஆசிரியர். அவரோடு கூடப் படித்தவர். அவருடைய மாணாக்கர். அந்த நூலுக்கு உரை எழுதத் தகுதியானவர். இங்கேயும் நாலு பேர்! ஆனால் இந்த நாலு பேருக்கும் முகம் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் நின்று அந்த மனிதரைக் கண்டவர்கள்: மேலேயிருந்து, பக்கத்திலிருந்து, கீழேயிருந்து, வெளியே நின்று நிதானமாக. கம்பனிகளில் இப்போது ‘360 பாகை மதிப்பீடு’ என்று பெரிதாகச் சொல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

நாங்கள் ஆறு பேரும் இதைச் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஆளுக்கு நாலு பேர். படிப்பித்த ஒருவர், கூடப் படிக்கிற ஒருவர், எங்களிடம் படித்த ஒருவர் (எங்களில் பலர் வீடு வீடாக டியூஷன் சொல்லிக் கொடுப்பவர்கள், இல்லாவிட்டால் ஜூனியர் இருக்கவே இருக்கிறார்கள்), உரைகாரர் இடத்தில் எங்கள் வேலையை வெளியே நின்று பார்த்த ஒருவர். கேள்வியில் மட்டும் கவனமாக இருந்தோம். ‘எனக்கு என்ன திறமை இருக்கு’ என்று கேட்டால் “நீ நல்ல பிள்ளை” என்ற பதில்தான் வரும். அதனால் பெயரடை வேண்டாம், சம்பவம் வேண்டும் என்று கேட்டோம்: “நான் ஒரு விஷயத்தை நல்லாச் செய்ததை நீங்க நேரில கண்ட ஒரு சந்தர்ப்பம் சொல்லுங்க.” மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு பயிற்சியும் இப்படித்தான் தெரிந்தவர்களிடம் சம்பவங்களைக் கேட்டுச் சேர்க்கச் சொல்கிறது. சம்பவத்தில் பொய் சொல்வது கஷ்டம்.

வட்ஸ்அப்பில் அனுப்பும்போது எல்லோருக்கும் வெட்கம். “என்ன, வெளிநாடு போறியா?” என்று ஒருவருக்குப் பதில் வந்தது. இன்னொருவரின் ஆசிரியர் பயந்துபோய் உடனே போன் எடுத்து “தம்பி, ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டார். உயிரோடு இருக்கிற ஒருவர் தன்னைப் பற்றி நல்லது கேட்பது எங்கள் ஊரில் அவ்வளவு அபூர்வம்.

வந்த பதில்களில் சிலதைச் சொல்கிறோம்.

எங்களில் கொட்டாஞ்சேனைக்காரி ஒருத்தி, சீவீயில் ‘மொழிகள்: தமிழ், சிங்களம், ஆங்கிலம்’ என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள். அவளுக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். உரைகாரர் இடத்தில் அவள் கேட்டது பக்கத்து வீட்டு அம்மா ஒருவரை. அவர் குரல்பதிவில் மூன்று நிமிடம் கதைத்தார். கவுன்டரில் தமிழ் தெரிந்த ஆள் இல்லாத நாள்களில் பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இவளைத்தான் கூட்டிக்கொண்டு போவாராம், பத்து வயதிலிருந்தே. “இந்தப் பிள்ளை நான் சொன்னத அப்படியே சொல்லாது. நான் கோவத்துல கத்துவேன். அது அங்க மரியாதையா சொல்லி வேலைய முடிச்சிட்டு வரும். அவங்க ஏசினாலும் எனக்கு வலிக்காத மாதிரித்தான் சொல்லும்.” 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. காகிதத்துக்கும் கவுன்டருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி மொழிபெயர்ப்பாளர்களாக வளர்ந்திருக்கிறார்கள். மூன்று மொழி தெரிவது ஒன்று. இரண்டு பக்கத்தின் கோபத்தையும் தன்மேல் வாங்கி, நடுவில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வருவது இன்னொன்று. அதற்கு அவள் இதுவரை பெயரே வைத்திருக்கவில்லை.

வெள்ளவத்தைக்காரன் ஒருவன் தன்னைச் சோம்பேறி என்றே நம்பியிருந்தவன். அவனுடைய ஒழுங்கையில் இருக்கிற ஓர் அங்கிள் 2022ஐ ஞாபகப்படுத்தினார். கேஸ் சிலிண்டருக்கு விடியவிடிய வரிசை நின்ற காலம். யார் தனியாக இருக்கிற வயதானவர், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருடைய சிலிண்டர் எப்போது முடியும் என்று ஒரு கொப்பியில் எழுதி, யாருடையதை யார் தூக்கிக்கொண்டு போவது என்று முறை போட்டவன் இவன்தான். “அதெல்லாம் ஒரு திறமையா? சும்மா லிஸ்ட் போட்டது” என்றான் எங்களிடம். சும்மா வந்ததால்தான் அது அவன் கண்ணில் படவில்லை.

எல்லாப் பதிலும் தேன் மாதிரி இருக்கவில்லை. பாடசாலைக் காலத்தில் விவாத மேடையில் கேடயங்கள் வாங்கிக் குவித்த ஒருவன் எங்களில் இருக்கிறான். பேச்சுத்தான் தன் பலம் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வந்த நாலு சம்பவங்களில் ஒன்றில்கூட மேடை இல்லை. நாலிலும் அவன் பேசாமல் இருந்த இடங்கள்தான். ஒரு ஜூனியர், வீட்டில் மரணம் நடந்த கிழமையில் இவன் தன் பக்கத்தில் வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுப் போனதை எழுதியிருந்தாள். இரண்டு நாள் அவனுக்கு முகமே சரியில்லை. பிறகு சொன்னான், “மச்சான், கதைக்கிறதுக்கு நான் தயார்படுத்துவன். கேக்கிறதுக்கு ஒருநாளும் தயார்படுத்தினதில்ல.” பேச்சு அவனுடைய பலம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கேடயம் கிடைக்காத ஒரு பலமும் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

எங்களை அதிகம் ஆச்சரியப்படுத்தியது மாணாக்கர் வரிசைதான். டியூஷன் படிக்கிற ஒரு சின்னப் பிள்ளை ஒரே வரியில் பதில் சொன்னது: “மிஸ், நான் பிழை விட்டா நீங்க சிரிக்க மாட்டீங்க.” எந்த லெக்சரரும் எங்களிடம் இதைக் கண்டிருக்க முடியாது. அவர்கள் முன்னால் பிழை விடுகிற இடத்தில் நிற்பது நாங்கள். எங்களுக்குக் கீழே நிற்கிறவருக்குத்தான் அந்தப் பக்கம் தெரியும்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். ஆனால் ஆறாவது ஆளின் கதை மிச்சம் இருக்கிறது. வீட்டுக்கு மூத்த பெண். அவளுக்கு வந்த நாலு பதிலும் ஒன்றையே சொன்னது: பொறுப்பு. தம்பியின் படிப்பு, அம்மம்மாவின் மருந்து, வகுப்பு அசைன்மெண்ட், பிரிவு உபசார விழாவின் கணக்கு, எல்லாம் அவள்தான். சம்பவங்கள் உண்மையானவை. வாசித்துவிட்டு அவள் அழுதாள். சந்தோஷத்தில் அல்ல. “இத வச்சுத்தான் என்னட்ட எல்லாத்தையும் தாறீங்க” என்றாள்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பயிற்சியின் மற்றப் பாதி எங்களுக்குப் புரிந்தது. மற்றவர்கள் சொல்கிற பலம் சில நேரம் அவர்களுக்கு வசதியான பலம். பெண் பிள்ளைகளுக்கு ‘பொறுமை’, மூத்த பிள்ளைகளுக்கு ‘பொறுப்பு’, பின்வரிசைப் பையனுக்கு ‘உதவி செய்யிற பிள்ளை’ என்று தருகிற பட்டங்கள் பல நேரங்களில் சுமை ஏற்றுவதற்கு முன் முதுகில் தட்டிக்கொடுக்கிற தட்டல்தான். சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒருவரின் அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்றவற்றை அவரைவிட நண்பர்கள் சரியாகக் கணித்தார்கள். ஆனால் பதற்றம், கவலை போன்ற உள்விஷயங்களை அந்த ஆளே சரியாக அறிந்திருந்தார். எங்களால் என்ன முடியும் என்று வெளியே நிற்கிறவர்கள் காணலாம். அதற்கு நாங்கள் உள்ளே என்ன விலை கொடுக்கிறோம் என்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

திருக்குறளில் 48ஆவது அதிகாரத்தின் பெயரே வலியறிதல். பலத்தைப் பற்றி வள்ளுவர் பெருமையாகப் பாடியிருப்பார் என்று நினைத்துத் திறந்தால், அளவைப் பற்றித்தான் அதிகம் கதைக்கிறார். மென்மையான மயிலிறகுதான், ஆனாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். கிளையின் நுனிவரை ஏறிவிட்டு இன்னும் ஏற நினைத்தால் உயிருக்கே ஆபத்து. பலத்தை அறிவது என்றால் அது முடிகிற இடத்தையும் அறிவது. ஆகவே அந்த நாலு பதிலோடு ஐந்தாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டோம். இதை மற்றவர் கேட்கக்கூடாது, நாங்களே எங்களைக் கேட்க வேண்டும்: ‘இதைச் செய்து முடித்த அன்றைக்கு இரவு நான் எப்படி இருந்தேன்?’ மூத்தவள் தன் பட்டியலில் பொறுப்பை வெட்டிவிட்டு, விழாக் கணக்கை மட்டும் மிச்சம் வைத்தாள். அந்த இரவு மட்டும்தான் தனக்கு நித்திரை நன்றாக வந்தது என்றாள். இலக்கங்கள் அவளுக்குப் பிடிக்கும். கலைப்பீடத்துக்கு வந்த பிறகு அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

யாருடைய வாயால் எங்கள் பலத்தை அறிவது என்பது சின்ன விஷயம் இல்லை. டொமினிக் ஜீவாவை நினைத்துப் பாருங்கள். 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். படிப்பு இடையில் நின்று, முடிதிருத்தும் தொழிலுக்கு வந்தவர். அன்றைய ஊரின் ‘நாலு பேர்’ அவருக்குச் சாதியின் பெயரால் ஓர் இடத்தை ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார்கள். அவர் வேறு நாலு பேரைத் தேடிக்கொண்டார். தமிழக இடதுசாரித் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றினால் ‘ஜீவா’வைத் தன் பெயரோடு சேர்த்தார். பல தரப்பு மனிதர்களும் வந்து கதைத்துவிட்டுப் போகிற சலூனைத் தன் சர்வகலாசாலை என்று சொல்வார். முதல் சிறுகதைத் தொகுதியான ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி, தானே கையில் கொண்டுதிரிந்து விற்று, நாற்பது வருடங்களுக்கு மேல் நடத்தினார். பிற்காலத்தில் அது வெளிவந்தது எங்கள் பக்கத்திலிருந்துதான்: கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதி.

அந்த மல்லிகையில் ஒரு வழக்கம் இருந்தது. அட்டையில் ஓர் எழுத்தாளரின், கலைஞரின் அல்லது சமூகத்துக்கு உழைத்த ஒருவரின் படம் வரும். உள்ளே அவரை அறிந்த இன்னொருவர் அவரைப் பற்றி எழுதியிருப்பார். பிறகு அவை தொகுக்கப்பட்டு ‘அட்டைப்பட ஓவியங்கள்’, ‘மல்லிகை முகங்கள்’ என்று புத்தகங்களாகவும் வந்தன. எங்கள் சமூகத்தில் ஒருவரின் நல்லதை ஊர் கூடி எழுதுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: 31ஆம் நாள் நினைவு மலர். அதில் எல்லாம் இருக்கும். அவரின் சிரிப்பு, கணக்கில் இருந்த கெட்டித்தனம், பிள்ளைகளுக்குக் கதை சொன்ன விதம். வாசிக்க வேண்டிய ஒருவர் மட்டும் இருக்க மாட்டார். மல்லிகை அதை ஆள் இருக்கும்போதே செய்தது. தன்னை யார் அளப்பது என்பதற்காகப் போராடிய ஒருவர், மற்றவர்களை அளக்கிற இடத்துக்கு வந்தபோது செய்த காரியம் அது.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் செலவில்லை. நாலு பேரைத் தெரிந்தெடுங்கள். நாலு பேரும் ஒரே திசையில் நிற்கக்கூடாது. வீட்டு ஆட்களில் ஒருவருக்கு மேல் வேண்டாம். பெயரடை கேட்காதீர்கள், சம்பவம் கேளுங்கள். ஒரு கிழமை பதிலை வைத்திருந்து பிறகு மறுபடி வாசியுங்கள். இரண்டு பேருக்கு மேல் சொன்னதைக் கோடிடுங்கள். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த இரவுக் கேள்வியை எழுதுங்கள். மற்றவர்கள் கண்டதும் உங்களை இளைக்கவைக்காததும் எங்கே சந்திக்கிறதோ, படிவத்தில் எழுத வேண்டியது அதுதான். கொட்டாஞ்சேனைக்காரியின் சீவீயில் இப்போது கடைசி வரி முதல் வரியாகிவிட்டது. ‘மூன்று மொழிகள்’ என்று மட்டும் இல்லை. யாருக்காக, எங்கே, என்ன செய்தாள் என்று மூன்று வரி.

கடைசியாக ஒன்று. நன்னூல் அந்த நாலு பேரும் பாயிரம் சொல்லலாம் என்று சொல்லவில்லை. சொல்லுவது கடன் என்கிறது. கூடப் படித்தவர் என்ற முறையில் நாங்களும் யாரோ ஒருவருடைய நாலு பேரில் ஒருவர். அடுத்த வருடம் இந்தப் பட்ச் சிதறிவிடும். ஒருவர் கனடா, ஒருவர் மட்டக்களப்பு, ஒருவர் கல்யாணம். வகுப்பில் மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவரிடம் நீங்கள் மட்டும் கண்ட ஒன்று இருக்கும். அவர் கேட்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அவர் கேட்க மாட்டார், அவருக்கும் வெட்கம்தான். நீங்களே ஒரு குரல்பதிவு அனுப்பிவிடுங்கள்.